ஊட்டிக்கு டிரௌட் கொண்டுவர நினைத்த டாக்டர்

போன இதழில் விஸ்வேஸ்வரய்யா பற்றி எழுதியிருந்ததைப் படித்திருப்பீர்கள். இந்த மாதம் எழுத வேண்டியவன் நான். ராக்கெட், கம்ப்யூட்டர் என்று யாராவது ஒருவரை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். நான் சொல்லப்போறது ஒரு மீன் டாக்டரைப் பற்றி. மீனுக்கு வைத்தியம் பார்த்தவர் இல்லை. மனிதருக்கு வைத்தியம் பார்க்க வந்து, மீன் பின்னாடியே போய்விட்டவர். பெயர் பிரான்சிஸ் டே.

மீன் படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர் தெரியாத ஆளே இருக்க மாட்டார். இந்திய மீன்களின் விஞ்ஞானப் பெயர்ப் பட்டியலை எடுத்தால் வரிக்கு வரி கடைசியில் டே, டே, டே என்றுதான் இருக்கும். அந்த மீனுக்குப் பெயர் வைத்தவர் அவர் என்று அர்த்தம். ஆனால் நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்கு அவரைத் தெரிய வாய்ப்பில்லை. எனக்கும் ஆறு மாசம் முன்னாடி வரை தெரியாது.

எப்படித் தெரிஞ்சுது என்பதைச் சொல்லிடறேன். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மீன்குஞ்சு பொரிப்பகத் தொட்டியைக் கண்காணிக்கும் ஒரு சின்ன கருவி. தண்ணீரின் வெப்பம், கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் இரண்டையும் சென்சார் அளக்கும். குறைந்தால் மொபைலுக்கு மெசேஜ் வரும். லீவுக்கு ஆரணிக்குப் போனபோது அதைத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் ஐம்பது வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். பாவில் ஒரு இழை அறுந்தால் பார்க்காமலே கையால் கண்டுபிடிப்பார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தொட்டியில மீன் வளர்க்க இவ்வளவு பண்றீங்க, சரி. நம்ம கமண்டல நாகநதியில் அவர் சின்ன வயதில் துண்டு வைத்துப் பிடித்த மீனெல்லாம் எங்கே போச்சு, அதுக்கு உங்க மெஷின் என்ன பண்ணும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டி தார் சுத்திக்கிட்டே சிரிச்சாங்க.

காலேஜ் திரும்பி லிட்டரேச்சர் சர்வேக்குத் தேடும்போதுதான் டே வந்தார். தாத்தா கேட்ட அதே கேள்வியோடு நூற்றைம்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் இந்த நாடு முழுக்க அலைந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கொச்சியில் ஒரு டாக்டர்

டே பிறந்தது 1829-ல், இங்கிலாந்தின் சசெக்ஸில். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் படித்தார். 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். இரண்டாம் பர்மா போரில் இருந்தார். அதற்குப் பிறகு கொச்சிக்கு வந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

கொச்சி எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகள். மீன் மார்க்கெட்டில் தினமும் புதுசு புதுசாக மீன் வந்து விழும். டே அதைப் பார்க்க ஆரம்பித்தார். மீனவர்களிடம் பேசினார், வாங்கினார், வரைந்தார், சாராயத்தில் போட்டு வைத்தார். 1863-ல் கொச்சியின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் மலபாரின் மீன்கள் பற்றிய புத்தகம் வந்தது. அதே வருஷம் அவர் பெயர் வைத்த ஒரு மீனை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். அக்வேரியம் கடையில் மிஸ் கேரளா என்று விற்பார்களே, உடம்பில் சிவப்புக் கோடு போட்ட மீன், அதுதான். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார்.

இந்த டெனிசன் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. மதராஸுக்கு வருவதற்கு முன் ஆஸ்திரேலியப் பக்கம், முதலில் டாஸ்மேனியாவிலும் பிறகு நியூ சவுத் வேல்ஸிலும் ஆட்சி செய்தவர். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊரை அங்கே நட்டு வைக்கப் பார்ப்பார்கள். ரோஜா, ஆப்பிள், நாய், நரி வேட்டை எல்லாம் அப்படித்தான். ஓடையில் தூண்டில் போட்டு டிரௌட் பிடிப்பதும் அந்த லிஸ்டில் உண்டு. ஊட்டியின் குளிரையும் ஓடைகளையும் பார்த்தவுடன் அவர்களுக்கு முதலில் தோன்றியது, இங்கே டிரௌட் மட்டும் இருந்தால் போதும், ஊர் மாதிரியே ஆகிவிடும் என்பதுதான்.

ஐஸ் பெட்டியும் மாட்டு வண்டியும்

இங்கே கொஞ்சம் இன்ஜினியராக யோசியுங்கள். டிரௌட் முட்டை சுமார் பத்து டிகிரி செல்சியஸ் தண்ணீரில் பொரிக்க ஒரு மாதம் எடுக்கும். தண்ணீர் சூடானால் சீக்கிரம் பொரிக்கும், அல்லது செத்துவிடும். குளிரவைத்தால் நேரம் நீளும். ஆக, இங்கிலாந்திலிருந்து ஊட்டி வரை முட்டையைக் குளிராகவே கொண்டு வர வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். அதற்கு முன் ஒன்று ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் எகிப்தில் இறங்கி, தரைவழியே கடந்து, செங்கடலில் இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டும். செங்கடல் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதராஸில் இறங்கினாலும் மலைக்கு ரயில் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ல். மாட்டு வண்டி, தலைச்சுமை, அவ்வளவுதான். ரெஃப்ரிஜரேட்டர் இல்லை, ஆக்ஸிஜன் பம்ப் இல்லை. நாங்கள் ப்ராஜெக்டில் வைத்த ரெண்டு சென்சாரும் அவர் கனவில்கூட இல்லை.

டே 1863-ல் முயற்சி செய்தார். டிரௌட் பிழைக்கவில்லை. இதற்கிடையில் 1864-ல் நார்ஃபோக் என்ற கப்பலில், பாசிக்குள் முட்டைகளைப் பொதிந்து, ஐஸ் அறையில் வைத்து, சுமார் மூன்று மாதப் பயணத்தில் டாஸ்மேனியாவுக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பூமியின் அடுத்த பாதிக்கே போகும்போது ஊட்டிக்கு ஏன் வராது என்று தோன்றியிருக்கும்தானே? 1866-ல் மறுபடி முயற்சி. மறுபடி தோல்வி. டெஞ்ச் மாதிரி, சூட்டையும் கலங்கிய தண்ணீரையும் தாங்கும் இங்கிலாந்து மீன்கள் நீலகிரியில் ஊன்றிக்கொண்டன. டிரௌட் மட்டும் டேவுக்குக் கடைசி வரை வசப்படவில்லை.

அடுத்து வருவதுதான் என்னை உட்கார வைத்த விஷயம். டிரௌட் தோற்றதற்கு அடுத்த வருஷம், 1867-ல், டே நீலகிரியின் ஒரு சின்ன மீனுக்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். இன்று அதன் பெயர் டெவாரியோ நீல்கெரியென்சிஸ். விரல் நீளம் இருக்கும், வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் நீலக் கோடு. உலகத்தில் நீலகிரிப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. வெளியூர் மீனைக் கொண்டுவர இவ்வளவு பாடுபட்ட அதே ஆள், அந்தத் தண்ணீரில் ஏற்கனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அணைக்கட்டுக் கேள்வி

1867-ல் இன்னொன்றும் நடந்தது. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனிக்கவும். கொள்ளிடத்தில் மேலணை, கீழணை கட்டிய ஆர்தர் காட்டனை உங்களுக்குத் தெரியும். ஆற்றின் குறுக்கே கட்டும் அணைகளால் மீன்கள் அழிகின்றனவா என்ற கேள்வியை எழுப்பியவரும் அவரேதான். விசாரிக்கும் வேலை டேவிடம் வந்தது.

பிரச்சினை இதுதான். ஹில்சா என்ற மீன், நம்மூரில் உல்லம் என்பார்கள், கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. அணை கட்டியதும் சுவரில் முட்டி நிற்கும். நிற்கிற இடத்தில் வலை போட்டு அள்ளிவிடுவார்கள். முட்டையிடுவதற்கு முன்பே அந்தத் தலைமுறை முடிந்தது. மீன் ஏறிப் போக ஒரு வழி வைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. நீரோட்டத்தைக் கணக்குப் போட்டு, சுவரின் ஓரமாகப் படிப்படியாக ஒரு கால்வாய். செலவு சுவரோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் அணையை டிசைன் செய்தபோது மீன் யாருடைய டிராயிங்கிலும் இல்லை. பிறகு 1934-ல் மேட்டூர் வந்தபோது காவிரி உல்லத்தின் கதை கிட்டத்தட்ட முடிந்துபோனது.

1871-ல் டே இந்தியாவின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். மாகாணம் மாகாணமாகச் சுற்றினார். பர்மா, சிந்து, அந்தமான், ஒரிசா என்று போகாத இடம் இல்லை. 1873-ல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அவர் கொடுத்த அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னால்: கொசுவலை மாதிரிக் கண் சிறுத்த வலையால் குஞ்சுகளை அள்ளுகிறார்கள், தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள், வாய்க்காலில் ஏறிய குஞ்சுகள் வயல் வற்றியதும் சாகின்றன, அணைகள் வழியை மறிக்கின்றன. வலைக் கண்ணுக்கு ஒரு அளவு வையுங்கள், விஷத்தைத் தடை செய்யுங்கள், முட்டையிடும் மீனையும் குஞ்சையும் விடுங்கள், அணையில் வழி வையுங்கள். இவைதான் அவர் பரிந்துரைகள்.

கவனித்தீர்களா? ஊட்டிக்கு முட்டை கொண்டுவர ஓடியவர், இந்திய ஆறுகளுக்கு என்று வந்தபோது பொரிப்பகத்தை முன்னால் வைக்கவில்லை. ஆற்றைக் காப்பாற்றுவதைத்தான் முன்னால் வைத்தார்.

அதற்காக அவரை அப்படியே கோயிலில் வைக்கவும் வேண்டாம். அந்த அறிக்கையில் ஏழை மீனவர்கள் மேல் விழும் பழி அதிகம். வயிற்றுக்காகக் குஞ்சு பிடிப்பவனுக்கு வேறு என்ன வழி என்பதற்கு அங்கே போதிய பதில் இல்லை. அணை கட்டியது அரசாங்கம், ஆனால் வலையை மாற்றச் சொல்வது மீனவனிடம். இது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள். அரசாங்கமும் அவர் பேச்சைப் பெரிதாகக் கேட்கவில்லை. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது 1897-ல். டே இறந்து எட்டு வருஷம் கழித்து.

பெரிய புத்தகமும் பெரிய சண்டையும்

1877-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் செல்டென்ஹாமில் குடியேறினார். இதற்குள் இரண்டு முறை திருமணம் செய்து இரண்டு மனைவிகளையும் இழந்திருந்தார். 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் என்ற அவருடைய பெரிய புத்தகம் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு மீனுக்கும் விஞ்ஞானப் பெயரோடு நிறுத்தாமல் தமிழ், மலையாளம், தெலுங்கு என்று உள்ளூர்ப் பெயர்களையும் சேகரித்துப் போட்டிருக்கிறார். மார்க்கெட்டில் மீன் விற்றவர்களின் வார்த்தைகள் லண்டன் அச்சில் ஏறின. பிற்பாடு எழுதிய இரண்டு தொகுதிகளில் 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்தார். அவை வெளியான 1889-லேயே அவர் இறந்தார்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் பிரிவில் இருந்த ஆல்பர்ட் குந்தருக்கும் டேவுக்கும் ஆகவே ஆகாது. சண்டை முற்றிப்போய், 1883-ல் தன் சேகரிப்பின் பெரும் பகுதியை டே சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம்மூர் மீன்களின் சாம்பிள்கள் இன்றும் சிட்னியில் இருக்கின்றன. ரெண்டு பேர் ஈகோவால் இந்தியாவில் மீன் படிப்பவன் ஆஸ்திரேலியாவுக்கு மெயில் போட வேண்டிய நிலைமை!

அவர்கள் சண்டை போட்ட விஷயங்களில் ஒன்று டிரௌட். பிரிட்டனின் ஏரிக்கு ஏரி வேறுபடும் டிரௌட்டுகளைக் குந்தர் தனித்தனி இனங்களாகப் பிரித்திருந்தார். டே ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் பொரிப்பகத்துக்குப் போய், மீன்களை வளர்த்தும் கலந்தும் பார்த்தார். தண்ணீரும் சாப்பாடும் மாறினால் மீனின் நிறமும் உருவமும் மாறுகிறது, எல்லாம் ஒரே இனம்தான் என்று 1887-ல் எழுதினார். பெரிய அளவில் அவர் சொன்னதே நின்றது. இனம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு ஓடை மீனும் அந்த ஓடைக்கென்று பல தலைமுறையாகப் பழகியிருக்கும் என்பதையும் மரபணு ஆராய்ச்சி பின்னால் காட்டியது.

அவர் போன பிறகு

டே 1889 ஜூலையில் செல்டென்ஹாமில் காலமானார். ஊட்டி ஓடையில் ஒரு டிரௌட்டைக்கூட அவர் பார்க்கவில்லை. இலங்கையின் நுவரெலியாவில் 1880-களிலேயே டிரௌட் வந்துவிட்டது. அங்கிருந்து முட்டைகளை வாங்கி, ஹெச். சி. வில்சன் என்பவர் 1906-07 வாக்கில் நீலகிரியில் ரெயின்போ டிரௌட்டை நிலைபெற வைத்தார். அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. காஷ்மீர், மூணாறு எல்லாம் இதே கதைதான்.

1960-களில் குந்தா மின் திட்டத்தின் அணைகள் வந்து பல ஓடைகள் தேக்கமாக மாறின. மேல் பவானி, முக்குருத்திப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. மற்ற இடங்களில் குஞ்சு விட்டால்தான் மீன்.

இப்போது கேள்விக்கு வருவோம். குஞ்சு விட்டுக்கொண்டே இருப்பதா, ஓடையைப் பாதுகாப்பதா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டிக் வின்சென்ட் என்ற மீன்வள ஆய்வாளர் மாடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் பொரிப்பக மீன் விடுவதை நிறுத்தினார். விடாத ஒரு ஓடையில் விட ஆரம்பித்தார். நிறுத்திய இடத்தில் காட்டு டிரௌட் பெருகியது, விட்ட இடத்தில் குறைந்தது. மீன் விட்டால் மீன் குறையுமா என்று முதலில் நம்ப முடியாது. ஆனால் இடமும் இரையும் அளவுதான். தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்தவை ஓடையில் இறங்கியதும் இருப்பவற்றின் ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன, தாங்களும் நிலைப்பதில்லை. 1974 முதல், காட்டு டிரௌட் தானாக வாழும் ஆறுகளில் மீன் விடுவதையே மொன்டானா நிறுத்திவிட்டது.

இன்னொரு ஆராய்ச்சி ஒரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் நடந்தது. ரெயின்போ டிரௌட்டில் கடலுக்குப் போய் வரும் வகையை எடுத்து, மரபணு மூலம் யார் பிள்ளை யார் என்று பார்த்தார்கள். 2007-ல் வந்த முடிவு: பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனப்பெருக்கம் செய்யும் திறன் சுமார் 40 சதவீதம் விழுகிறது. 100 என்று ஆரம்பித்தால் 60, அடுத்து 36. இரண்டே தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு.

இது ஆரணிக்காரனுக்குச் சட்டென்று புரியும். பட்டுப்பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? இறக்கை இருக்கும், பறக்காது. புழு தழை தேடிப் போகாது, போட்டால் தின்னும். ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் தட்டில் வளர்த்ததன் பலன். நமக்கு நூல் கிடைத்தது, அதற்குக் காடு மறந்தது. பட்டுக்கு அது பரவாயில்லை, யாரும் அதைக் காட்டில் கொண்டுபோய் விடுவதில்லை. மீனை நாம் ஆற்றில் விடுகிறோமே.

நீலகிரியில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே காட்டு டிரௌட் என்று நாம் சொல்வதே ஒரு காலத்தில் பெட்டியில் வந்த முட்டையின் வாரிசு. டிரௌட் பூச்சி, தவளைக் குஞ்சு, சிறு மீன் எல்லாம் தின்னும் வேட்டை மீன். உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவி உயிர்கள் பட்டியலில் ரெயின்போ டிரௌட்டும் உண்டு. டே பெயர் வைத்த அந்த விரல் நீள நீலகிரி மீன், இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு டிரௌட் மட்டும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சாக்கடை, அணை, தோட்ட மருந்து எல்லாம் இருக்கிறது. ஆனால் ஊட்டிக்கு டூர் போகும் நமக்கு டிரௌட் தெரியும், அது தெரியாது.

பொரிப்பகமே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. அப்படிச் சொன்னால் என் ப்ராஜெக்ட் போச்சு! தொட்டியில் வளர்த்து, தொட்டியிலிருந்தே தட்டுக்குப் போகட்டும். அது விவசாயம். பலருக்குச் சோறு போடும் தொழில். எங்கள் பக்கத்து ஏரிகளைக் குத்தகை எடுப்பவர்கள் கட்லா, ரோகு குஞ்சு விட்டுத்தான் பிழைக்கிறார்கள், அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு செத்துக்கொண்டிருக்கும்போது மேலே குஞ்சைத் தூவிவிட்டு, மீன்வளம் பெருகிவிட்டது என்று கணக்கு எழுதுவது வேறு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

எங்கள் ப்ராஜெக்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அதே சென்சார்களை ஒரு சின்ன மிதவையில் வைத்து ஆற்றிலும் போடுகிற மாதிரி. பொங்கல் லீவில் நாகநதியில் தண்ணீர் ஓடியபோது தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய் இறக்கினோம். ஊருக்கு மேலே ஆக்ஸிஜன் அளவு நன்றாகவே இருந்தது. ஊரைத் தாண்டியதும் ரீடிங் கீழே விழுந்தது. கருவிதான் கெட்டுப்போச்சு என்று நினைத்து மேலே கொண்டுபோய் மறுபடி அளந்தோம். கருவி சரியாகத்தான் இருந்தது.

மேலே, ஜவ்வாது மலைத் தண்ணீர் தெளிவாக வரும் இடத்தில், கல்லுக்கடியில் சின்ன மீன்கள் ஓடின. தாத்தா குனிந்து பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். நான் கேள்விப்பட்டதே இல்லை. மொபைலில் எழுதி வைத்துக்கொண்டேன். டேவின் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் ஆற்றில் என்ன மீன் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை கேட்டு வையுங்கள், நண்பர்களே.